அழுகையும் நகையும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் அமைந்துள்ள ஊர் ஓசூர். பெங்களூர் நகரம் அங்கிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஓசூர்ச் சந்தையில் சிறிது நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் மும்மொழிகளும் செவியில் விழும். ஒருவர் ஒரு மொழியில் விலை கேட்க, மற்றவர் வேறொரு மொழியில் விடை கூறுதல் அங்குப் புதுமையன்று. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் எந்திரங்களின் ஓசையும் நான்காம் மொழியாக அங்கே கலந்துவிட்டது.

அவ்வூருக்கு அணித்தாக உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. மூதறிஞர் இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அங்குப் பிறந்தார். அவர் பிறந்த எளிய இல்லம் இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகின்றது. ஏழை மக்களின் குடியைக் கெடுப்பது குடியே என்று கருதிய அப்பெரியார், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவியிருந்த காலத்தில், மதுவின் தீமையை எடுத்துரைப்பதற்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். 1937-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும், அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன.

இராஜாஜி எழுதிய கதைகளுள் ஒன்று 'திக்கற்ற பார்வதி'. உழைத்து உண்டு மகிழ்ந்திருந்த ஓர் இளங்குடும்பம், கணவன் மதுவுக்கு அடிமையானமையால் கடன்பட்டு, மானமிழந்து, சிதைந்து போவதே அக்கதை. கணவன் பெயர் கருப்பன், மனைவி பார்வதி. அக்கதையில் வியத்தகு நிகழ்ச்சி எதுவுமில்லை. எந்தச் சிற்றூரிலும் எந்தத் தெருவிலும் காணக்கூடியதே அதன் பொருள். அதுவே அதன் கொடுமை எனலாம்.

இக்கதையைத் திரைப்படமாக்க முன்வந்தவர் சிங்கீதம் சீனிவாசராவ். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், 1931-ஆம் ஆண்டு நெல்லூர் மாவட்டத்தில் பிறந்தார். தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்ததும் அவ்வாண்டேயாகும். அப்படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. சீனிவாசராவ் இளமையில் கே. வி. ரெட்டி என்னும் பேரியக்குநரிடம் உதவியாளராகத் தொழில் பயின்றார். 1957-இல் வெளிவந்த 'மாயாபசார்' படத்தில் அவர் அவ்வாறு பணிபுரிந்தவரே. கோட்டையும் கொத்தளமும் மாயமும் மந்திரமும் நிறைந்த படம் அது. பின்னர், 1970-இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' என்னும் கன்னடப் படத்தில் நிர்வாக இயக்குநராகப் பணியாற்றினார். ஒப்பனையும் ஆடம்பரமும் அற்ற படம் அது. மாயத்தை மெய்யெனக் காட்டும் கலையையும், மெய்யை மெய்யாகவே காட்டும் கலையையும் ஒருவரே பயிலும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

உலகில் உள்ளதை உள்ளவாறே படம்பிடித்துக் காட்டுவதை ஆவணப்படம் என்பர். 'திக்கற்ற பார்வதி' கதைப்படமேயாயினும் ஆவணப்படத்தின் இயல்பைத் தழுவி எடுக்கப்பட்டது. அரங்கில் பொய்க்குடிசை அமைத்துப் படமெடுக்கும் வழக்கம் மிக்கிருந்த அந்நாளில், சீனிவாசராவ் தம் கருவிகளோடு தொரப்பள்ளிக்கே சென்றார். கதை எழுதியவர் பிறந்த மண்ணே கதை நிகழும் களமாயிற்று. இலட்சுமி பார்வதியாகவும், ஸ்ரீகாந்த் கருப்பனாகவும் நடித்தனர். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார்.

அப்படம் உருவான காலத்தையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1971-ஆம் ஆண்டு தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அதனைச் செய்யவேண்டா என்று, தொண்ணூறு வயதைக் கடந்திருந்த இராஜாஜி முதலமைச்சரை நேரிற் கண்டு வேண்டினார். வேண்டுகோள் பயன் தரவில்லை. 1972 டிசம்பரில் அவர் மறைந்தார். படம் வெளிவந்தது 1974-இல். மதுவிலக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டேயாம். திரைப்படத்தின்பால் ஒருநாளும் பெருமதிப்புக் கொண்டிராத இராஜாஜியின் வேண்டுகோளை, அவர் மறைந்தபின் ஒரு திரைப்படமே மக்கள்முன் வைத்தது. 1973-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்படம் என்னும் தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும், இன்று அப்படத்தைக் கண்டவர் சிலரே.

இவ்வாறு அழுகைச் சுவையில் தமிழ்த்திரையில் அடியெடுத்து வைத்தவர், பின்னர்ப் பெரும்புகழ் எய்தியது நகைச்சுவையில். இடையே கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கொண்டு 1982-இல் 'ஹாலு ஜேனு' முதலிய படங்களை இயக்கினார். ஓசூர்ச் சந்தையின் மும்மொழிகளிலும் அவர் படம் எடுத்தாயிற்று. அதன்பின் எந்த மொழியும் வேண்டாத படமொன்றை எடுக்கத் துணிந்தார்.

அதுவே 1987-இல் வெளிவந்த 'புஷ்பக விமானம்'. கமலஹாசனும் அமலாவும் நடித்த அப்படத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு இட்ட பெயரோ 'பேசும் படம்'! பேச்சில்லையே தவிர ஓசைக்குக் குறைவில்லை. ஊர்தியின் இரைச்சல், குழாயில் நீர் சொட்டும் ஒலி, மக்கள் கூட்டத்தின் ஆரவாரம் யாவும் உண்டு. எல். வைத்தியநாதன் இசையமைத்தார். பெங்களூர் நகரின் தெருக்களிலும் பெரிய விடுதியொன்றிலும் படம் எடுக்கப்பட்டது.

பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞன் ஒருவன் பழைய விடுதியொன்றின் சிற்றறையில் வாழ்கின்றான். ஓரிரவு, செல்வர் ஒருவர் குடிமயக்கத்தில் தெருவில் வீழ்ந்து கிடத்தலைக் காண்கின்றான். அவரைத் தன் அறையில் அடைத்துவிட்டு, அவர் தங்கியிருந்த 'புஷ்பக்' என்னும் பெருவிடுதியில் அவர்போலவே தங்குகின்றான். மெத்தையும் குளிர்காற்றும் வாய்த்தும் உறக்கம் வரவில்லை. ஏன்? அவனது பழைய அறை திரையரங்கின் அருகில் இருந்தது. இரவுதோறும் அவ்வரங்கின் இரைச்சலிலேயே உறங்கிப் பழகியவன் அவன். ஆகவே, அவ்விரைச்சலை ஒலிநாடாவிற் பதிந்து கொணர்ந்து, அதனை இசைக்கச் செய்து நிம்மதியாக உறங்குகின்றான். இக்காட்சியைக் கண்டு நகையாதார் இலர். வறியவன் செல்வன் வீட்டிற் புகுந்தாலும் வறுமையின் பழக்கம் அவனை விட்டு நீங்குவதில்லை என்பதை, ஒரு சொல்லும் இன்றி, இதனினும் தெளிவாக யார் உரைக்க இயலும்?

அப்படத்தில் ஓர் இரவலனும் வருகின்றான். தன்னிடமுள்ள பணத்தை இளைஞனுக்குக் காட்டிக் காட்டிப் பெருமை கொள்கின்றான். அவன் தெருவில் இறந்துபடுகின்றபோது, அவனிடமிருந்து சிதறிய பணத்தாள்களைப் பொறுக்க மக்கள் முண்டியடிக்கின்றனர்; உடலைத் திரும்பிப் பார்ப்பார் ஒருவருமில்லை. சிரித்துக்கொண்டே வந்த நாம் அவ்விடத்தில் வாயடைத்து நிற்கின்றோம். தொரப்பள்ளியில் நிலைநிறுத்திய கருவியைச் சீனிவாசராவ் பெங்களூரிலும் இடம்பெயர்க்கவில்லை என்றே தோன்றுகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்களையும் நந்நான்காகக் கூறினார். வறுமை என்பது அவர் வகுப்பின்படி அழுகைக்குரிய களனேயன்றி நகைக்குரியதன்று. 'திக்கற்ற பார்வதி' அவ்விதிக்கு முற்றும் பொருந்திய படம். 'புஷ்பக விமான'மோ வறுமை என்னும் களனிலேயே நகையைத் தோற்றுவிக்கின்றது. விதியை மீறியதாக இதனைக் கருதவேண்டா. அங்கு நகைக்கப்படுவது வறியவனது வறுமையன்று. வறுமையைக் கண்டும் காணாது செல்லும் உலகத்தின் பேதைமையே ஆகும். பேதைமை நகைக்குரிய களன்களுள் ஒன்றென ஆசிரியர் கூறியதும் நினையத்தக்கது. குடியரும் இரு படங்களிலும் உளர். சிற்றூர்க் குடியன் தன் குடும்பத்தையே இழக்கின்றான்; நகரத்துச் செல்வரோ சில நாள் விடுதியறையை மட்டுமே இழக்கின்றார். இவ்வேறுபாட்டை இயக்குநர் எண்ணி அமைத்தாரோ அன்றோ, காண்பவர் எண்ணாதிருத்தல் அரிது.

முடிவில் இளைஞன் தன் குற்றத்தை உணர்ந்து செல்வரை விடுவிக்கின்றான். அவன் விரும்பிய மங்கை ஊரைவிட்டுச் செல்லும்போது ரோசாமலரொன்றில் முகவரித்தாளைச் சுற்றி எறிகின்றாள். மலர் கைக்கு எட்டுகின்றது. தாள் காற்றிற் பறந்து சாக்கடையில் வீழ்கின்றது. அவன் வேலை தேடுவோரின் நீண்ட வரிசையில் மீண்டும் சென்று நிற்கின்றான். நகைச்சுவைப் படத்திற்கு இத்தகைய முடிவை வைக்க மிகுந்த துணிவு வேண்டும். நல்ல பொழுதுபோக்கு அளித்த படம் என்று அதற்குத் தேசிய விருது கிடைத்தது.

அதன்பின் 'அபூர்வ சகோதரர்கள்' 1989-இலும், 'மைக்கேல் மதன காமராஜன்' 1990-இலும் வெளிவந்தன. இவை பலரும் அறிந்தவை, விரித்தல் வேண்டா. அவர் இயக்கிய யாவும் ஒரே தரத்தன என்பதற்கில்லை, மறக்கத்தக்கனவும் உள. 1994-இல் வந்த 'மகளிர் மட்டும்' மறக்கத்தக்கதன்று. ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணிப்பொறி வல்லுநராகவும், தட்டெழுத்தாளராகவும், துப்புரவுப் பணியாளராகவும் வேலை செய்யும் மூன்று பெண்கள், தகாத முறையில் நடக்கும் மேலதிகாரியை ஒன்றுகூடி எதிர்ப்பதே கதை. ரேவதி, ஊர்வசி, ரோகிணி ஆகியோர் நடித்தனர். வேலைக்குச் செல்லும் மகளிர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய துன்பத்தைக் குடும்பத்தோடு அமர்ந்து சிரிக்கும் படத்திற்குள் கொண்டுவந்தது அதன் சிறப்பு. இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலைப் பேருந்துகளிற் செல்லும் பெண்களுக்கு அக்கதை அயலானதன்று. அதில் நாகேஷ் ஏற்ற வேடம் பிணம். பேசாமலும் கண் இமைக்காமலும் கிடந்தே அரங்கு முழுவதையும் அவர் நகைக்கச் செய்தார்.