பழைய லாரியில் ரேடியோ

இரவெல்லாம் லாரி ஓட்டுபவருக்கு ரேடியோ நல்ல துணை. பழைய ரேடியோ மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

எதை வாங்கலாம்?
வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற பழைய ரேடியோவை யாராவது விற்க வரலாம். அது செயற்கைக்கோளிலிருந்து பாட்டைப் பிடித்த ரேடியோ. இந்தியாவில் அந்தச் சேவை 2009 கடைசியில் நின்றுவிட்டது. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். எஃப்.எம். கேட்கும் கார் ரேடியோ போதும்.

எத்தனை வோல்ட்?
ரேடியோவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கார் ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டும். பெரிய லாரிகள் பலவற்றில் இரண்டு பேட்டரி இருக்கும். 12-ம் 12-ம் சேர்ந்து 24 வோல்ட். அதை நேராகக் கொடுத்தால் ரேடியோ கருகிவிடும்.

ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கலாமா? கூடாது. அந்தப் பேட்டரி இறங்கிவிடும். மற்றதில் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறும். இரண்டும் சீக்கிரம் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரை மாட்டுங்கள்.

பியூஸ் எதற்கு?
லாரி குலுங்கும். ஒயர் உரசித் தோல் கிழியும். செம்பு இரும்பில் பட்டால் தீப்பிடிக்கும். பியூஸ் இருந்தால் அது முதலில் எரிந்து கரண்டை நிறுத்தும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கம்பி சுற்றாதீர்கள். அது வண்டிக்கும் உயிருக்கும் ஆபத்து.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

பதில் எழுதுங்கள்
1. உங்கள் வண்டி எத்தனை வோல்ட்?
2. பியூசை எங்கே போட வேண்டும்? ஏன்?