செம்பா, அலுமினியமா?

உழைக்கும் பொருள் எதுவாயினும் சூடேறுவது இயற்கை. மரம் அறுக்கும் வாளும், கிணற்றில் ஓடும் உருளையும் தொட்டால் சுடும் அளவிற்கு வெம்மை கொள்கின்றன. மோட்டார் வண்டியின் எஞ்சினும் இவ்வியற்கைக்கு விலக்கன்று. பெட்ரோல் எரிவதனாற் பிறக்கும் ஆற்றலில் ஒரு சிறு பகுதியே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பகுதி எஞ்சினின் உலோகத்திலே தங்கும். அதனை உடனுக்குடன் அகற்றாவிடின் எஞ்சின் பழுதுற்று நின்றுவிடும். அகற்றும் பணியைச் செய்யும் உறுப்பே ரேடியேட்டர் என்பது.

சூடான பாலை நாம் எவ்வாறு ஆற்றுகிறோம்? வாயகன்ற வட்டிலில் ஊற்றுகிறோம். பரப்பு மிகுந்தால் காற்றுப் படுவது மிகும். காற்றுப் பட்டால் சூடு தணியும். ரேடியேட்டரின் தத்துவமும் இதுவேயாகும். எஞ்சினைச் சுற்றிவந்து கொதிநிலையை நெருங்கிய நீர், மேல்தொட்டியிலிருந்து தட்டையான பல குழாய்களின் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. அக்குழாய்களைத் தழுவி மெல்லிய தகடுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. நீரின் சூடு குழாய்க்கும், குழாயிலிருந்து தகட்டிற்கும், தகட்டிலிருந்து காற்றிற்கும் கைமாறிச் செல்கிறது. ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குள் புகுகிறது.

இவ்வுறுப்பு பழுதுற்றால் எந்த உலோகத்தாற் செய்ததை வாங்கிப் பொருத்துவது என்னும் வினா, பழைய சிறு கார்களைப் பேணுவோர் அனைவர்க்கும் ஒருநாள் எழுவதேயாகும். இதற்கு நம் நாட்டுக் காரொன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பம்பாயில் 1964ஆம் ஆண்டு முதல் ‘பியட் 1100 டிலைட்’ என்னும் பெயரில் உருவான கார், 1970களில் ‘பிரீமியர் பத்மினி’ ஆயிற்று. 1089 கன சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய எஞ்சின் அதனுடையது. வாடகைக் காராக அந்நகரத்து மக்களுக்கு நெடுங்காலம் உழைத்த அவ்வண்டி, 2023 அக்டோபர்த் திங்களோடு அப்பணியினின்றும் ஓய்வு பெற்றது. எனினும் ஆர்வலர் பலர் அதனை இன்றும் போற்றிக் காத்து வருகின்றனர். பத்மினி என்னும் வடசொல் தாமரைக்கொடியையும் குறிக்கும். தாமரைக்கு நீர் எத்துணை இன்றியமையாததோ, இக்காரின் எஞ்சினுக்கும் அத்துணை இன்றியமையாதது அன்றோ?

பத்மினியோடு பிறந்த ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கொண்டது. தொட்டிகளும் குழாய்களும் பித்தளை, தகடுகள் செம்பு. இவற்றை இணைப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு. பற்றாசு என்னும் சொல் நம் மாணவர்க்குப் புதியதன்று. வெண்பாவில் முதற்குறளும் தனிச்சொல்லும் இசையாது நிற்குமிடத்து, ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைப்பதை ‘ஆசு’ என்று யாப்பிலக்கணம் கூறும். உலோகத் துண்டுகளைப் பொருத்தும் பற்றாசே அப்பெயருக்கு உவமையாயிற்று. இப்பற்றாசு 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும். செம்போ 1085 பாகையிலேதான் உருகும். இரண்டிற்கும் இடைவெளி மிகுதியாதலால், கைத்திறன் உள்ள தொழிலாளி ஒருவர் சிறிய பட்டறையிலேயே ஒழுக்கை அடைத்துவிடலாம். குழாய்கள் முற்றும் கெட்டுப்போயினும், பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு ‘கோர்’ எனப்படும் நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். பழுதுபார்த்துப் பழுதுபார்த்து நெடுநாள் ஆளத்தக்க பொருள் இது.

அலுமினியத்தின் சிறப்பு வேறு. ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம் எடையுள்ளது. அதே அளவு அலுமினியம் 2.70 கிராமே இருக்கும். எடை குறைவு, விலையும் குறைவு. அதனாலேயே புதிய கார்களில் எல்லாம் அலுமினியமே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதன் தொட்டிகள் பெரும்பாலும் நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. இரப்பர் வளையம் இட்டு மடித்து இறுக்கப்பட்டவை. ஆண்டுகள் பல செல்லச் சூட்டினால் அப்பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடையும். அலுமினியத்தைப் பற்றவைப்பதும் எளிதன்று. அதன்மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடுப் படலம் பற்றாசை ஒட்டவிடாது. தொழிற்சாலையில் ஏறத்தாழ 600 பாகையில் அதனை இணைக்கின்றனர். 660 பாகையிலோ அலுமினியமே உருகிவிடும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் வேலை செய்வது தெருவோரப் பட்டறைக்கு இயலுவதன்று.

‘செம்பு சூட்டை விரைந்து கடத்தும், ஆதலின் செம்பு ரேடியேட்டரே குளிர்ச்சி மிக்கது’ என்பர் சிலர். வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்பிற்கு 400 என்று கொண்டால், தூய அலுமினியத்திற்கு ஏறத்தாழ 237 என்பது உண்மையே. ஆயினும் இதனைக்கொண்டு முடிவு கூறிவிடலாகாது. நீரைத் தாங்கும் குழாய் செம்பன்று, பித்தளை. அதன் திறன் 120 அளவினதே. மேலும், குழாயின் சுவர் மிக மெல்லியது. அதனைக் கடக்கச் சூட்டிற்கு வருத்தமில்லை. தகட்டிலிருந்து காற்றிற்கு இறங்கும் இடமே கடத்தற்கரிய இடம். ஆகவே தகட்டின் பரப்பும், காற்றின் ஓட்டமும், குழாயோடு தகடு பொருந்தியிருக்கும் நெருக்கமுமே பெரிதும் பயன் தருவன. அலுமினியக் குழாய்களை அகலமாக அமைக்க இயலுமாதலால், நன்கு செய்த அலுமினிய ரேடியேட்டர் செம்பிற்குச் சிறிதும் இளைத்ததன்று. மட்டமாகச் செய்தால் இரண்டும் மட்டமே.

அரிப்பைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீரிற் கூடியிருப்பின், நீரிற் கரைந்த செம்பு அலுமினியத்தின்மீது படிந்து அதனைக் குழிகுழியாக அரிக்கும். பத்மினியின் எஞ்சினில் உடற்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். ஆதலின் எந்த ரேடியேட்டரைப் பொருத்தினும் வெறும் நீர் ஊற்றுதல் தகாது. அரிப்பைத் தடுக்கும் கூலண்டைத் தூய நீரோடு கலந்தே ஊற்றுதல் வேண்டும். அதிலும் ஈயப் பற்றாசிற்கு ஏற்றதா, அலுமினியத்திற்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குதல் அறிவுடைமை. காரம் மிகுந்த கழுவுநீர் அலுமினியத்தைத் தின்றுவிடும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாயினும் நஞ்சு; குழந்தைகளும் விலங்குகளும் அணுகாதவாறு காத்தல் கடமையாகும்.

ரேடியேட்டரை மாற்றுமுன் அதுவே குற்றவாளியா என்று தெளிதலும் முறை. விசிறியைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம்; தெர்மோஸ்டாட் திறவாதிருக்கலாம்; உப்புநீர் ஊற்றியதால் எஞ்சினுக்குள் வழிகள் அடைபட்டிருக்கலாம். இவற்றை விடுத்து ரேடியேட்டரை மட்டும் மாற்றுவது, கண்ணோய்க்குக் காலில் மருந்திடுவது போலாகும். மூடியின் வேலையும் அறியத்தக்கது. நீரை அழுத்தத்தில் அடைத்து வைப்பதால், காற்றழுத்தத்திற்கு மேல் அரைப்பங்கு கூடியவிடத்து நீர் 100 பாகையில் கொதியாமல் ஏறத்தாழ 111 பாகையில் கொதிக்கும். இதனாலேயே சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது பேரிடர் ஆகின்றது. திறந்த கணமே அழுத்தம் நீங்கி, நீர் பொங்கிப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். வண்டி நன்கு ஆறிய பின்னரே மூடியைத் தொடல் வேண்டும்.

இனி முடிவிற்கு வருவோம். பழைய தொட்டிகள் நன்றாக இருந்து, அருகே கைதேர்ந்த தொழிலாளியும் இருப்பின், பத்மினி போன்ற வண்டிக்குச் செம்புக் கோரை மாற்றிக்கொள்வதே சாலச் சிறந்தது. அளவும் தாங்கிகளும் குழாய்வாய்களும் மாறாமற் பொருந்தும். பின்னர் ஒழுகினாலும் அடைக்கலாம். அத்தகைய தொழிலாளி கிடையாத ஊரில், அளவிற் பொருந்தும் நல்ல அலுமினிய ரேடியேட்டர் கிடைக்குமாயின், எஞ்சினின் உட்புறத்தை நன்கு கழுவி, உரிய கூலண்டை ஊற்றி அதனைப் பயன்படுத்துவதில் இழுக்கில்லை.

பொருள் ஒன்றைத் தேரும்போது, ‘எது உயர்ந்தது?’ என்று வினவுவதினும் ‘எது இவ்விடத்திற்கு ஏற்றது?’ என்று வினவுவதே அறிவிற்கு அழகு. சோறு வடிக்க ஒரு பாத்திரமும், மோர் வைக்க ஒரு பாத்திரமும் வேறுவேறாக வைத்தாளும் நம் வீட்டு அன்னையர் இவ்வுண்மையை நன்கு அறிவர். ஆதலின் மாணவர்களே, பொருளின் பெயரையும் பளபளப்பையும் கண்டு மயங்காது, அதன் இயல்பையும் அது செய்யவேண்டிய தொழிலையும், பழுதுற்றால் அதனைச் செப்பனிடும் கை எங்கே உள்ளது என்பதையும் ஆராய்ந்து தெளிவீர்களாக.