தீவன ஆலைன்னு நினைச்சாங்க: ஃபெர்னால்டு கிணறுகளிலிருந்து ஒரு பாடம்

உழவர் நண்பர்களே, இந்த மாதப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது அணு எரிபொருள் ஆலை. "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். ஆலை எங்கே வந்தாலும் அதற்கு நிலமும் தண்ணீரும் வேண்டும். அந்த நிலத்தில் முன்னால் யாரோ உழுதுகொண்டிருந்திருப்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் யாரோ இன்னமும் உழுதுகொண்டிருப்பார்கள். அப்படி வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த ஜனங்களின் கதை இது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகருக்கு வடமேற்கே சுமார் 18 மைல் தள்ளி ஃபெர்னால்டு என்று ஒரு சிற்றூர். மக்காச்சோளம், சோயா, கறவை மாடு என்று பிழைத்த பூமி. 1951-ல் அமெரிக்க அரசு அங்கே 1,050 ஏக்கர் நிலத்தை வாங்கி ஆலை கட்டியது. வைத்த பெயர் 'ஃபீட் மெட்டீரியல்ஸ் புரொடக்‌ஷன் சென்டர்'. ஃபீட் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தீவனம்தான். ஆலையின் மேல்நிலைத் தொட்டிக்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அங்கே பேர்போன ப்யூரினா தீவனக் கம்பெனியின் அடையாளமும் அதே மாதிரிக் கட்டம்தான். அதனால் மாட்டுத்தீவனமோ நாய்த்தீனியோ தயாராகிறது என்று பல பேர் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது அணு உலைக்குப் போடுகிற தீனி.

உள்ளே நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுரேனியத் தாதுவை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். கசடைப் பிரித்துவிட்டுச் சூடாக்கினால் ஆரஞ்சு நிறத் தூள் கிடைக்கும். பல படிகள் தாண்டி அது பச்சை உப்பாகும். அதை மெக்னீசியத்தோடு சேர்த்துச் சுட்டால் யுரேனிய உலோகம். அதைக் கம்பியாகக் கடைந்து ஹான்ஃபோர்டு, சவன்னா ரிவர் ஆகிய இடங்களின் உலைகளுக்கு அனுப்பினார்கள். அணுகுண்டுக்கான புளூட்டோனியம் அந்த உலைகளில்தான் தயாரானது. ராணுவ ரகசியம் என்ற ஒரே சொல்லில் எல்லாக் கேள்வியும் அடங்கிப் போயிற்று.

நாம் கவனிக்க வேண்டியது வெளியே வந்ததைத்தான். தூசி புகைபோக்கி வழியாகக் காற்றில் போனது. பின்னாளில் கணக்குப் பார்த்தவர்கள், ஆலை ஓடிய காலம் முழுவதிலும் சுமார் 3 லட்சம் கிலோ யுரேனியம் காற்றில் கலந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கசடு ஆறு பெரிய குழிகளில் கிடந்தது. பெல்ஜியன் காங்கோவிலிருந்து வந்த தாதுவின் ரேடியம் மிகுந்த மிச்சம் இரண்டு சிமெண்ட் தொட்டிகளில் கிடந்து ரேடான் வாயுவைக் கசியவிட்டது. மழைநீர் இதையெல்லாம் கழுவிக்கொண்டு பாடீஸ் ரன் என்ற ஓடையில் இறங்கியது.

இந்த ஓடைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபெர்னால்டுக்கு அடியில் மணலும் கூழாங்கல்லுமாக ஒரு பெரிய நீர்த்தாங்கி இருக்கிறது. கிரேட் மியாமி நீர்த்தாங்கி என்று பெயர். அதற்கு மேலே களிமண் படுகை. ஆலைக்கு இடம் பார்த்தபோது களிமண் தாங்கிக்கொள்ளும் என்று யாராவது நினைத்திருக்கலாம். ஆனால் ஓடை காலங்காலமாக அந்தக் களிமண்ணை அறுத்துச் சில இடங்களில் மணல் வரைக்கும் இறங்கிவிட்டிருந்தது. அங்கே ஓடைத்தண்ணீர் நேராக நிலத்தடிக்குப் போகும். நம்ம ஊர்ல ஓடைக் கரைக் கிணறு சீக்கிரம் ஊறும்னு சொல்லுவோமே, அதே சங்கதிதான். நல்லது ஊறுகிற வழியில்தான் கெட்டதும் ஊறும்.

ஆலைக்குத் தெற்கே மூன்று கிணறுகளில் யுரேனியம் கலந்திருந்தது. இது அரசுக்கு 1981-லேயே தெரியும். கிணற்றுக்காரர்களுக்குச் சொல்லவில்லை. 1984 கடைசியில் தூசி பிடிக்கும் எந்திரம் ஒன்றிலிருந்து சுமார் 300 பவுண்டு, அதாவது 130 கிலோவுக்கு மேல், யுரேனிய ஆக்சைடு வெளியேறிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. அப்போதுதான் கிணற்றுச் சங்கதியும் வெளியே வந்தது. ஆலைக்கு அருகே ஒரு பண்ணைவீட்டில் வாடகைக்கு இருந்த லிசா கிராஃபோர்டின் குடும்பம் குடித்தது அந்த மூன்றில் ஒரு கிணற்றுத் தண்ணீரை. சின்னக் குழந்தை இருந்த வீடு அது.

அவரும் அக்கம்பக்கத்தாரும் 'ஃபிரெஷ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட குடியிருப்போர் அமைப்பில் திரண்டார்கள். விஞ்ஞானிகள் இல்லை, வக்கீல்கள் இல்லை. முதலில் கேட்டது நஷ்டஈடுகூட இல்லை, கணக்கு. எந்தக் கிணறு, என்றைக்கு எடுத்த தண்ணீர், எவ்வளவு யுரேனியம், அதை யார் அளந்தார்கள்? இந்த நாலையும் விடாமல் கேட்டார்கள். வழக்கும் நடந்தது. 1989-ல் 7 கோடியே 80 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஆயிற்று. ஆலையை நடத்திய கம்பெனி மேல் போட்ட வழக்கு, ஆனால் பணம் கட்டியது அரசு. அந்தப் பணத்தில் சுற்றுப்புற மக்கள் 9,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள ஏற்பாடு ஆயிற்று. அதே 1989-ல் உற்பத்தியும் நின்றது.

வழக்கில் ஜெயித்ததோடு கதையை முடித்துவிடலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில்தான் நாம் படிக்க நிறைய இருக்கிறது. குழிகள் அப்படியே கிடந்தன, மண் கெட்டிருந்தது, நிலத்தடி நீர் கெட்டிருந்தது. எவ்வளவு சுத்தம் செய்வது, எடுத்த மண்ணை எங்கே கொண்டுபோவது? 1993-ல் உள்ளூர் மக்கள், தொழிலாளர்கள், உள்ளாட்சிக்காரர்கள் சேர்ந்த ஒரு குடிமக்கள் குழுவை அமைத்தார்கள். ஜான் ஆப்பிள்கேட் என்ற சட்டப் பேராசிரியர் தலைவர்.

அந்தக் குழு ஒரு விளையாட்டைப் பயன்படுத்தியது. 'ஃபியூச்சர்சைட்' என்று பெயர். ஆலை நிலத்தின் படம் ஒரு பலகையில் இருக்கும். கெட்ட மண்ணுக்குக் காய்கள். இங்கே வீடு கட்டலாம், பயிர் செய்யலாம் என்ற அளவுக்குச் சுத்தம் வேண்டுமென்றால் இத்தனை காய்களை எடுக்க வேண்டும். வெறும் புல்வெளியாக விடலாமென்றால் இத்தனை போதும். எடுத்த காயை எங்கே வைப்பீர்கள்? வெளியூருக்கு அனுப்பினால் இவ்வளவு செலவு, இத்தனை வண்டி. நம் கிராமசபையில் வரவு செலவை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. அதிகாரி வாசிப்பதைக் கேட்பது வேறு, காயை நம்ம கையால நகர்த்திப் பார்ப்பது வேறு.

ஆட ஆட அவர்களுக்கு ஒன்று புரிந்தது. எல்லாக் கழிவையும் வெளியே அனுப்பு என்று சொன்னால், அது போய்ச் சேர்வது இன்னொரு ஊர்க்காரன் வேலிக்குப் பக்கத்தில். ஆகவே 1995-ல் அவர்கள் சொன்ன யோசனை: கொடிய கழிவு வெளியே போகட்டும், அளவில் அதிகமாகவும் வீரியத்தில் குறைவாகவும் உள்ள மண்ணும் இடிபாடும் இங்கேயே, அடியிலும் மேலும் காப்புப் போட்ட மேட்டுக்குள் இருக்கட்டும், நிலத்தடி நீர் குடிநீர்த் தரத்துக்குத் திரும்ப வேண்டும். சுமார் 30 லட்சம் கன கெஜம் அந்த மேட்டுக்குள் போயிற்று. கழிவை ஊருக்குள் வைக்க ஊரே ஒத்துக்கொண்டது எப்படி என்று நான் யோசித்துப் பார்த்தேன். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இருந்தது, அதுதான்.

அதே யோசனையில் இன்னொன்றும் உண்டு. அந்த நிலத்தில் இனி யாரும் குடியேறவும் கூடாது, பயிர் செய்யவும் கூடாது. சோளம் விளைந்த ஆயிரம் ஏக்கர் திரும்ப ஏர் பார்க்காது என்று பக்கத்து வயற்காரர்களும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். எழுத எளிதாக இருக்கிறது.

பிறகு சில நல்ல பழக்கங்களும் வந்தன. ஆலை ஊழியர்களையே ஒவ்வோர் உள்ளூர் அமைப்புக்கும் தூதர் மாதிரி நியமித்தார்கள். சங்கத்துக்கு ஒரு முகம், தெரிந்த முகம், கேட்டால் பதில் வரும். சுத்தம் செய்யும் வேலை 2006-ல் பெரும்பாலும் முடிந்தது. செலவு 440 கோடி டாலர். இப்போது அது சதுப்பும் புல்வெளியுமாக ஒரு காப்பிடம், இருநூறுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் வருகின்றன. நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலை மட்டும் அதற்குப் பிறகும் ஓயவில்லை. மண்ணை வாரிப்போடலாம், தண்ணீரை அப்படி வார முடியாதுங்க.

உரம் என்றதும் காது விடைக்கிறவர்களுக்காக ஓக்லஹோமா மாநிலத்து ஆலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் சீக்வோயா ஃபியூயல்ஸ். அங்கேயும் நைட்ரிக் அமிலத்தில்தான் கரைத்தார்கள். மிச்சத் திரவத்தில் அம்மோனியா சேர்த்தால் அம்மோனியம் நைட்ரேட், அதாவது தழைச்சத்து உரம். அதைச் சுத்திகரித்ததாகச் சொல்லி, உரிமத்தோடு, கம்பெனி தன் மேய்ச்சல் நிலத்தில் தெளித்தது. செரோக்கி பழங்குடி மக்கள் வாழும் பகுதி அது, எதிர்ப்பு அங்கிருந்தே கிளம்பியது. 1986 ஜனவரியில் அதே ஆலையில் அளவுக்கு மேல் நிரப்பிய உருளை ஒன்று சூடாக்கும்போது வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். ஆலை 1993-ல் மூடப்பட்டது. கசடில் சுமார் 10,000 டன் ஊரைவிட்டுப் போக 2018 ஆகிவிட்டது, அதுவும் செரோக்கி அரசும் மாநில அரசும் நீதிமன்றம் போன பிறகு. 'தழைச்சத்து' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, எங்கிருந்து வந்த தழைச்சத்து என்றும் கேட்க வேண்டும்.

இனி மண்ணுக்கு வருவோம். யுரேனியம் புதுசாக வந்த பொருள் இல்லை. எல்லா மண்ணிலும் கிலோவுக்குச் சில மில்லிகிராம் இயற்கையாகவே உண்டு. கருங்கல் பாறைப் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரிலும் வரலாம். உடம்புக்குள் போனால் கதிர்வீச்சைவிட முதலில் அது சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும், ஈயம் மாதிரி ஒரு கன உலோகம் அது. செடிகள் அதைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், அதுவும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். ஆகவே கீரையில் ஒட்டின மண்ணும், கிழங்கின் தோலும், மாடு புல்லோடு சேர்த்து விழுங்குகிற மண்ணும்தான் கவனிக்க வேண்டியவை. எல்லாவற்றுக்கும் மேலே குடிதண்ணீர்.

களிமண்ணும் மக்கும் யுரேனியத்தைப் பிடித்து வைக்கும். அதற்காகத் தொழுவுரம் போட்டால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்ணீரில் பைகார்பனேட் அதிகமானால் பிடிப்பு விட்டுக் கரையும். நைட்ரேட் அதிகமான நிலத்தடி நீரிலும் பாறையில் உறங்கும் யுரேனியம் கரைந்து வரலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. யூரியாவை அள்ளிக் கொட்டுகிறவர்களுக்கு இதையும் சொல்லுங்க. நம்மவர்கள் போடுகிற பாறை பாஸ்பேட்டிலும் இயற்கையாக யுரேனியம் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் 2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், அணு எரிபொருள் பதப்படுத்தும் திட்டங்களும் முன் அனுமதி பெற வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அந்த அறிக்கையில் ஆலை வருவதற்கு முந்தைய நிலவரம் இருக்க வேண்டும். எந்தக் கிணறுகளில் மாதிரி எடுத்தார்கள், கோடையிலா மழைக்குப் பிறகா, ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஃபெர்னால்டுக்காரர்கள் கையில் முப்பது வருஷத்துக்கு முந்தைய சொந்தக் கணக்கு ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் வழக்கு எவ்வளவோ சுலபமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆலை பக்கத்தில் இல்லாவிட்டாலும் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துவைக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருந்த வரம்பு 60. வழக்கமான பி.எச்., உப்புத்தன்மைப் பரிசோதனையில் யுரேனியம் தெரியாது, ஆகவே அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கன உலோகம் பார்க்கும் வசதியுள்ள ஆய்வகத்தில் முதலில் பேசி, அவர்கள் சொல்கிற பாட்டிலையே வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, தொட்டித் தண்ணீர் கலக்காமல் குழாயிலிருந்தே பிடியுங்கள். தேதி, சர்வே எண், கிணற்றின் ஆழம், அன்றைக்கு நீர் நின்ற மட்டம் எல்லாவற்றையும் பாட்டில் மேலேயும் நோட்டிலேயும் எழுதுங்கள். கோடையில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு தடவை. நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் செலவும் பிரியும், ஊரின் நாலு திசைக் கணக்கும் ஒரே நோட்டில் சேரும்.