முகத்தை இல்ல, முட்டியைக் காட்டுங்க: வீடியோ வழி ஃபிசியோதெரபி



இந்த வார எபிசோடில் வீடியோ கால் எப்படி வேலை செய்யுதுன்னு பேசினோம். முடிக்கும்போது, "எங்க அம்மாவோட ஃபிசியோ காலை நானே கெடுத்து வச்சேன், அதைத் தனியா எழுதுறேன்"னு சொல்லியிருந்தேன். அந்தக் கதையும், அதுல கத்துக்கிட்ட பாடமும் இங்கே.

அம்மா திருநெல்வேலியிலிருந்து மெல்போர்னுக்கு விசிட்டர் விசாவில் வந்திருக்காங்க. இரண்டு முட்டியிலும் தேய்மானம். நாங்க இருக்கிற டார்னீட்டிலிருந்து க்ளினிக்குக்குக் காரில் போய்வர ஒன்றரை மணி நேரம். நான் கான்ட்ராக்டர், லீவு போட்டா அன்றைக்குக் காசு இல்லை. க்ளினிக்கில் "வீடியோவிலும் பார்க்கலாம்"னு சொன்னதும் சந்தோஷமா ஒத்துக்கிட்டேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன் இல்லையா, செட்டப்பை நானே பார்த்தேன். என் ஆபீஸ் ரூம், நல்ல வெப்கேம், முகத்துக்கு விளக்கு, நேரடி கேபிள் இணைப்பு. கால் தொடங்கியது. "கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்க" என்றார் ஃபிசியோ. நான் ஓரமா நின்று பாக்கெட் லாஸ் எவ்வளவுன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அம்மா உட்கார்ந்திருந்தது என்னோட சக்கர நாற்காலி. எழும்போது அது பின்னாடி ஓடிடுச்சு. மேசை விளிம்பைப் பிடிச்சதால விழல. "ஏல, நாற்காலி ஓடுதுல!"ன்னு அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. பாக்கெட் லாஸ் பூஜ்யம்தான். அம்மா இடுப்பு எலும்பு உடைஞ்சிருந்தா அந்தப் பூஜ்யத்தை வச்சு என்ன செய்றது?

ஃபிசியோவோட கை வீட்டில் இல்லை

இந்தப் பாடத்தின் ஒரே கருத்து இதுதான். க்ளினிக்கில் ஃபிசியோ நமக்குத் தெரியாமலே பல வேலை செய்யறாங்க. நாற்காலியைச் சுவரோரம் தள்ளுவாங்க, நோயாளி பக்கத்தில் கையை நீட்டித் தயாரா நிற்பாங்க, எந்தப் பக்கம் நின்றால் மூட்டு தெரியுமோ அங்கே போய் நிற்பாங்க. வீடியோவில் இது எல்லாத்தையும் வீட்டில் இருக்கிற ஒருத்தர்தான் செய்யணும். யார், எப்படி என்பது கால் தொடங்கும் முன்னமே முடிவாகியிருக்கணும்.

"தொடாம என்ன வைத்தியம்?"னு பெரியவங்க கேட்பாங்க. நியாயமான கேள்வி. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் பீக் என்ற ஆய்வு நடந்தது. நாள்பட்ட முட்டிவலி உள்ள 394 பேரை இரண்டாகப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு நேரிலும் மற்ற பகுதிக்கு வீடியோவிலும் 3 மாதத்தில் 5 சந்திப்பு. 2024இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: வலி குறைவதிலும் நடமாட்டம் கூடுவதிலும் வீடியோ நேர்ச் சந்திப்புக்குச் சளைக்கலை. ஒன்றைக் கவனிங்க. அங்கே கொடுத்த சிகிச்சையே பயிற்சியும், அதைப் பற்றிய விளக்கமும்தான். முட்டித் தேய்மானத்துக்கு முதன்மையான மருந்து தொடையைப் பலப்படுத்துவது. அதைத் தூரத்திலிருந்தும் சொல்லிக் கொடுக்கலாம்.

அறை

சக்கரம் இல்லாத, உறுதியான நாற்காலி, சுவரோடு ஒட்டி. தரைவிரிப்பு, சார்ஜர் வயர், குழந்தையின் பொம்மை எல்லாம் வெளியே. நடந்து காட்ட மூன்று மீட்டராவது நேர்கோட்டு இடம். சமநிலைப் பயிற்சி என்றால் கை எட்டும் தூரத்தில் ஒரு ஆள், ஃபோன் பிடிக்காமல், சும்மா கையோடு.

கால் தொடங்கியதும் ஃபிசியோ மூன்று விஷயம் கேட்கணும்: இப்போ எந்த முகவரியில் இருக்கீங்க, வீடியோ அறுந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடணும், பக்கத்தில் யார் இருக்காங்க. கேட்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க. ஏதாவது ஆனா 000வுக்கு அவங்க அழைக்கும்போது, ஆம்புலன்ஸ் எங்கே வரணும்னு சொல்ல அந்த முகவரி வேணும்.

கேமரா

நம்ம வீடியோ கால் செயலிகள் எல்லாம் பேசும் முகத்துக்காகச் செய்யப்பட்டவை. ஃபிசியோவுக்கு அந்த வசதிகளே இடைஞ்சல். பின்னணி மங்கல் காலையும் நாற்காலியையும் சேர்த்து அழிக்கும், அணைச்சிடுங்க. முகத்தைத் தேடி ஃப்ரேமைத் தானே நகர்த்தும் வசதி, ஐபேடில் சென்டர் ஸ்டேஜ் மாதிரி, பாதத்தை வெட்டிடும். அதையும் அணைங்க.

முட்டி மடங்கும் கோணத்தைப் பார்க்கணும்னா கேமரா முட்டி உயரத்தில், உடம்புக்குப் பக்கவாட்டில், செங்குத்தா இருக்கணும். மேலிருந்து சாய்வா எடுத்தா கோணம் மாறித் தெரியும். நிற்க, நடக்க ஃபோனை நெடுக்கா வைங்க. படுத்துச் செய்ய, படுக்கையா. ஜன்னல் பின்னாடி இருந்தா உருவம் கறுப்பு நிழலாத்தான் போகும். லேப்டாப்பை விட, ஒரு ஸ்டூலில் புத்தகம் அடுக்கிச் சாய்ச்சு வச்ச ஃபோனே மேல்.

உடையும் செட்டப்பில் சேர்த்தி. சேலையில் முட்டி தெரியாது. முதல் காலில் ஃபிசியோ கேட்டப்போ அம்மா சேலையை லேசா தூக்கிட்டு, என்னைப் பார்த்து உடனே விட்டுட்டாங்க. மகன் முன்னாடி கூச்சம். இரண்டாவது காலிலிருந்து என் மனைவி ஃபோனைப் பார்த்துக்கிட்டாங்க. அம்மா சுருட்டிவிடக்கூடிய தளர்ந்த பேன்ட் போட்டுக்கிட்டாங்க. யார் அறையில் இருக்கலாம்னு உங்க அம்மாகிட்டயே கேளுங்க.

இணைப்பு

இங்கே அப்லோட்தான் முக்கியம். 2 எம்பிபிஎஸ் நிலையா இருந்தா தாராளம். நெருக்கடி வந்தா செயலி தெளிவையும் ஃப்ரேம் எண்ணிக்கையையும் குறைக்கும். பேச்சுக்கு அது தெரியாது, ஆனா நடையில் நொண்டல் இருந்தால் விடுபட்ட ஃப்ரேமோடு அதுவும் போயிடும். அதனால் நடையை முன்கூட்டியே 20 வினாடி ஃபோனில் பதிவு பண்ணி, க்ளினிக் கொடுக்கும் பாதுகாப்பான இணைப்பில் அனுப்பலாம். தாமதத்தையும் மறக்காதீங்க. ஃபிசியோ "நிறுத்துங்க" என்பது கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். பக்கத்தில் ஆள் வேணும்னு சொல்றதுக்கு அதுவும் காரணம். எண்ணிக்கையை அம்மாவே சத்தமா எண்ணட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் அவங்களுக்குக் காது கேட்க ஒரு ப்ளூடூத் இயர்பட் போதும்.

மொழி: நான் செய்த பெரிய தப்பு

நாற்காலியை விட இதுதான் எனக்கு உறைச்சது.

முதல் இரண்டு காலில் மொழிபெயர்த்தது நான். அம்மா "குடையுது" என்றாலும், "சுள்ளுன்னு குத்துது" என்றாலும், "எரியுது" என்றாலும், "மரத்துப் போகுது" என்றாலும், நான் ஆங்கிலத்தில் சொன்னது ஒரே சொல்: வலி. ஃபிசியோவுக்கு இவை நாலும் நாலு தகவல். எரிச்சலும் மரத்துப்போவதும் வந்தா, மூட்டைத் தாண்டி நரம்பையும் யோசிக்கணும். கையால் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் அவங்களுக்கு மிச்சம் இருந்ததே அம்மாவோட சொற்கள்தான். அதை நான் சுருக்கிட்டேன்.

அதோட விடல. "தினமும் பயிற்சி செய்றாங்களா?"ன்னு கேட்டா, அம்மாவைக் கேட்காமலே "செய்றாங்க"ன்னு சொன்னேன்.

மூன்றாவது காலுக்கு ஃபிசியோவே மொழிபெயர்ப்பாளர் வைக்கச் சொன்னாங்க. ஆஸ்திரேலியாவில் டிஸ் நேஷனல், 131 450, தமிழுக்கும் உண்டு. வீடியோவோடு மூன்றாம் ஆளாக அவங்களைச் சேர்க்கலாம். கட்டணம் யாருக்குன்னு க்ளினிக்கில் முன்னாடியே கேட்டுக்கோங்க. அந்தக் காலில் நான் வெளியே இருந்தேன். முடிஞ்சதும், அம்மா சம்மதத்தோட ஃபிசியோ எங்ககிட்ட சொன்னது: பகலில் நாங்க வேலைக்குப் போனப்புறம் மாடிப்படியில் ஒரு தடவை கால் தவறி உட்கார்ந்துட்டாங்களாம். அதுக்கப்புறம் நாங்க வர்ற வரைக்கும் மாடியை விட்டு இறங்குறதே இல்லை. பயத்தில் பயிற்சியும் செய்யல. "உங்ககிட்ட சொன்னா ஊருக்கு அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாங்க அம்மா.

பக்கத்து அறையில்தான் இருந்தோம், மக்களே. எங்களுக்குத் தெரியாதது, முகம் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியா வெளியே வந்தது.

அன்றைக்கே அம்மாவைக் கீழ் அறைக்கு மாத்தினோம். பயிற்சியும் படி இறங்குவதை நோக்கி மாறியது. ஆங்கிலப் பயிற்சித் தாளுக்குப் பதில், ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு பண்ணிக் கொடுத்தேன்.

விதிகள், சுருக்கமா

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நோயாளிக்கு ஃபிசியோ பார்ப்பவர், ஆப்ராவில் பதிவு பெற்றவரா இருக்கணும். பெயரைப் போட்டு அவங்க தளத்தில் யாரும் தேடலாம். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பார்க்கும் தெரிஞ்சவருக்கும் இந்தக் கேள்வி வரும். வாட்ஸ்அப் குறியாக்கம் நல்லதுதான். ஆனா மருத்துவப் பதிவு, காத்திருப்பு அறை, அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் க்ளினிக் தளத்தில்தான் இருக்கும். ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி இரண்டு பக்கமும் சம்மதம் கேட்டுக்கோங்க.

மெடிகேர் உள்ளவங்களுக்கு, ஜிபி நாள்பட்ட நோய்த் திட்டம் போட்டுக் கொடுத்தா, பொதுவா ஒரு காலண்டர் வருஷத்துக்கு 5 சந்திப்பு வரை ரிபேட் உண்டு. 2022 ஜனவரியிலிருந்து வீடியோ சந்திப்பும் நிரந்தரமா அதில் சேர்ந்திருக்கு. விசிட்டர் விசாவில் இருக்கும் நம்ம பெற்றோருக்கு அது கிடையாது, கைக்காசுதான். இன்ஷூரன்ஸ் பாலிசியை முதலில் படிங்க.

வீடியோ வேண்டாம், நேரில் போங்க

புதுசா அடிபட்டு முட்டி வீங்கி, காலை ஊன்ற முடியலைன்னா நேரில்தான். தசைநார் கிழிஞ்சிருக்கான்னு கையால் இழுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கெண்டைக்கால் வீங்கிச் சூடா வலிச்சாலோ, காய்ச்சலோடு மூட்டு சிவந்தாலோ, முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படலைன்னாலோ ஃபிசியோவுக்காகக் காத்திருக்காதீங்க, நேரே எமர்ஜென்சி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 000.

இந்த வார வீட்டுப்பாடம்

அடுத்த காலுக்கு முந்தின நாள் ஒரு ஒத்திகை பாருங்க. நாற்காலி, ஃபோன், வெளிச்சம் எல்லாம் வச்சு, அம்மாவோ அப்பாவோ எழுந்து நிற்கும்போது தலையிலிருந்து பாதம் வரை படத்தில் வருதான்னு பாருங்க. அப்புறம் வலியை அவங்க சொல்ற சொல்லிலேயே எழுதி வைங்க. குடையுதா, குத்துதா, எரியுதா, இழுக்குதா? திருத்தாதீங்க.

எங்க வீட்டு நிலவரம்: நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடியுதுன்னு ஒரு சோதனை உண்டு. முதலில் அம்மாவுக்கு 6. போன வாரம் 10. அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புறாங்க. எல்லை தாண்டி வீடியோவில் தொடர்வது பதிவு, காப்பீடு என்று சிக்கல் என்பதால், திருநெல்வேலியில் ஒரு ஃபிசியோவிடம் கொடுக்க, பயிற்சிப் பட்டியலும் இந்த எண்களும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி வாங்கியாச்சு.

சக்கர நாற்காலி என் ரூமில்தான் இருக்கு. அம்மா அதில் உட்காருவதில்லை.

அடுத்த வாரம் பார்ப்போம்.