இணையத்தளமும் விருந்தோம்பலும்

கொங்குநாட்டு ஊர்களில் ஒருவர் வீட்டு வாயிலை அடைந்தால், 'வாங்க' என்றழைத்து, திண்ணையில் இருத்தி, தண்ணீர் கொடுத்த பின்னரே வந்த காரியம் யாதென வினவுதல் வழக்கம். இணையத்தளம் அமைப்போரும் இவ்வழக்கத்தையே மேற்கொள்ளல் வேண்டுமென்பது எம் கருத்து. தளமென்பது அமைத்தோன் தன் பெருமையைக் காட்டுதற்கு உரியதன்று. வருவோன் தன் காரியத்தை எளிதில் முடித்துச் செல்லுதற்கே உரியது.

1989-ஆம் ஆண்டில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் வையவிரிவலையைக் கருதிய நோக்கம், எவ்வகைக் கணினியிலுள்ள செய்தியும் எல்லார்க்கும் எட்டவேண்டும் என்பதே. ஆயின், தமிழர்க்கு அப்பயன் உடனே கிட்டவில்லை. தளங்கள் வெவ்வேறு குறியீடுகளில் அமைந்த எழுத்துருக்களை ஆண்டமையால், உரிய எழுத்துருவைப் பெற்றிராதார்க்குத் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தோன்றிற்று. 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், தம் மின்னூல்களை முதலில் மயிலை எழுத்துருவிலும், பின்னர்த் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் அமைக்க நேர்ந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், அதனோடு தமிழ் இணைய மாநாடும் நிகழ்ந்தன. அம்மாதத்திலேயே தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இங்ஙனம் வாயிற்கதவு திறந்தது. எனினும் உள்ளே புகுந்தவர் வழி தெரியாது திகைக்கும் நிலை இன்னும் நீங்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் வேலை செய்யும் ஒருவர், தம் மகளைக் கல்லூரியிற் சேர்க்கக் கருதி, சிறிய கைப்பேசியில் ஒரு தளத்தைத் திறக்கின்றாரெனக் கொள்வோம். அவர் அறிய விரும்புவன இரண்டே: கட்டணம் எவ்வளவு? விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது? முகப்பிலோ கட்டடங்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவை நீங்குமுன் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்டு ஒரு பெட்டி மறிக்கின்றது. தண்ணீர் கொடாமல் முகவரி கேட்பது போன்றது இது. கடைசி நாளோ, 'பிற' என்னும் தலைப்பின்கீழ், ஒளிப்படமாக ஏற்றிய அறிக்கையொன்றில் மறைந்து கிடக்கின்றது. கண்பார்வையற்ற மாணவர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் திரைபடிப்பான், எழுத்தைப் படிக்குமேயன்றி, விளக்கம் எழுதப்படாத படத்திலுள்ளதைச் செவ்வையாய்ப் படித்தல் அரிது. அந்நாள் தவறின் அவர்க்கு ஓராண்டுக் கல்வி கழிந்துபோம். ஆதலின் இஃது அழகு பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று; நீதி பற்றியதுமாம்.

இக்குறைகளைக் களையும் வழிகள் சில. முதலாவது, பலரும் தேடிவரும் செய்தியை முகப்பிலேயே வைத்தல். இரண்டாவது, வருவோர் வழங்கும் சொல்லையே தலைப்பாக்குதல். 'நிதிசார் விவரங்கள்' என்பதினும் 'கட்டணம்' என்பதே தெளிவு. மூன்றாவது, அறிக்கையை எழுத்தாகவே இடுதல். நான்காவது, எழுத்தும் பின்னணியும் நன்கு வேறுபட்டுத் தோன்றச் செய்தல். வையவிரிவலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிகள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கு இவ்வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது என்கின்றன. வெண்மையின்மேல் வெளிர்சாம்பல் எழுத்து இவ்வளவையை எட்டாது. ஐந்தாவது, படிவத்தில் பிழை நேரின், எவ்விடத்தில் யாது பிழையெனச் சொல்லி, முன்னர் நிரப்பியவற்றை அழியாது காத்தல். ஒரு பிழைக்காக அனைத்தையும் மீண்டும் எழுதச் செய்தல் வந்தவரை வாயிலுக்கே திருப்பியனுப்புவதாகும்.

இவையனைத்தும் செய்தும், தளம் எளிதாயிற்றென்று அமைத்தோனே தீர்ப்புக் கூறலாகாது. தன் வீட்டு இருட்டறையில் வீட்டுக்காரன் தடுமாறான். புதிதாய் வந்தவனே தூணில் முட்டிக்கொள்வான். டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என்றார். அவற்றைத் திருத்தி மீண்டும் சிலரைக் கொண்டு சோதித்தலே, ஒரே முறை பலரைக் கூட்டிச் சோதிப்பதினும் நன்றென்பது அவர் துணிபு.

மாணவ நண்பர்காள்! நும்மிற் பலர் மன்றங்களுக்கும் உறவினர் கடைகளுக்கும் தளம் அமைக்கின்றீர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் அதனை நும் பாட்டனாரிடமோ அத்தையிடமோ கொடுத்து, ஒரு செய்தியைத் தேடச் சொல்லுமின். அவர் தேடுங்கால் வழிகாட்டாது, வாய்திறவாது அருகிருமின். அவர் விரல் எங்குத் தயங்குகின்றதோ அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, திருத்த வேண்டுவது அவரையன்று, நும் பக்கத்தையே என்று உணர்வீராக.