புதுச்சேரி கருவடிக்குப்பத்துக்கு அலுவலகம் மாற்றுவோர் செய்ய வேண்டியவை

அலுவலகம் மாற்றுவதில் மேசையும் நாற்காலியும் ஒரு நாள் வேலை. விலாசம் மாறுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே முதலில் எழுத வேண்டியது சாமான் பட்டியல் அல்ல. பழைய விலாசத்தைத் தேடி யார் யார் வருகிறார்கள், என்னென்ன வருகிறது என்ற பட்டியல். வாடிக்கையாளர், வங்கி, ஜி.எஸ்.டி., பி.எஃப்., இ.எஸ்.ஐ., கூரியர் என்று தொடங்கி தண்ணீர் கேன் போடுபவர் வரை அதில் வர வேண்டும்.

இடம் மாறுவது எளிது, தேடி வருவோரை இழக்காமல் இருப்பதுதான் கடினம் என்பதற்குப் புதுச்சேரியிலேயே பழைய சான்று உண்டு. ஆங்கிலேய அரசின் கெடுபிடி தாங்காமல் 1908-இல் ‘இந்தியா’ வார இதழ் சென்னையை விட்டுப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தது. அதில் எழுதிவந்த கவிஞர் பாரதியும் வந்தார். இதழ் அதே ஆண்டில் மறுபடி வெளிவரத் தொடங்கியது. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே இதழ் நுழைவதற்குத் தடை வந்ததும், 1910-இல் அது நின்றுபோனது.

இடம் மாறும் நாளை மூன்று மாதம் முன்னதாகவே குறிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் மழை மாதங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஆடி, மார்கழியில் புது இடம் புகப் பலரும் விரும்புவதில்லை. மார்ச்சில் கணக்கு முடிக்கும் வேலை. மிஞ்சுவதில் வசதியானவை தை, மாசி முற்பாதி, அல்லது சித்திரை முதல் ஆனி வரை.

இடம் பார்க்கும்போது வாடகையை மட்டும் பேசிவிட்டு வரக்கூடாது. மின் இணைப்பு வீட்டுக்கானதா வணிகத்துக்கானதா, அனுமதித்த மின்சுமை அத்தனை ஏ.சி.க்கும் போதுமா, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சொத்துவரி ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும். உரிமம் கேட்டுப் போக வேண்டியது உழவர்கரை நகராட்சிக்கா புதுச்சேரி நகராட்சிக்கா என்பது அதில் தெரிந்துவிடும். இன்டர்நெட் இணைப்புக்கு அன்றே சொல்லிவைக்கலாம்; கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் அதுதான்.

ஜி.எஸ்.டி. பதிவிலுள்ள முதன்மை வணிக இடம் மாறினால் 15 நாளுக்குள் ஆர்.இ.ஜி.-14 படிவத்தில் திருத்தம் கோர வேண்டும். கம்பெனியாக இருந்து, பதிவு அலுவலகம் அதே ஊருக்குள் மாறினால் 30 நாளுக்குள் ஐ.என்.சி.-22. கோட்டக்குப்பத்திலிருந்து வருபவர்களுக்கு வேலை கூடுதல். தூரம் கூப்பிடு தொலைவுதான். ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. ஜி.எஸ்.டி. எண் 33-இல் தொடங்குவது 34 ஆக வேண்டும் என்பதால் திருத்தம் செல்லாது, புதுப் பதிவுதான். கம்பெனியின் பதிவு அலுவலகத்தையும் கொண்டுவருவதானால் மண்டல இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சாமான் எல்லை தாண்டும்போது இ-வே பில் தேவையா என்று கணக்காளரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டி கட்டும்போது ‘கணக்கு 7, ஜன்னலோர மேசை’ என்று பக்கவாட்டில் எழுத வேண்டும். மேல்மூடியில் எழுதினால், பெட்டிமேல் பெட்டி அடுக்கியதும் மறைந்துவிடும். கம்ப்யூட்டர் வயர்களைப் பிடுங்குவதற்கு முன் பின்புறத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். பேக்கப் இரண்டு எடுத்து, ஒன்றைப் பொறுப்பான ஒருவர் கைப்பையில் கொண்டுபோக வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் போகக் கூடாது. நகரத்துப் பழைய வீடுகளின் படிக்கட்டு குறுகல். பீரோவையும் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டால், லோடுமேன்கள் பாதிப் படியில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு தவிக்க நேராது.

விடுமுறை என்பதால் எல்லோருக்கும் ஞாயிறுதான் தோன்றும். பழைய அலுவலகம் காந்தி வீதிப் பக்கம் என்றால் அன்று சண்டே மார்க்கெட் நெரிசலில் மினி லாரி நுழைவதே பாடு. சனிக்கிழமையே ஏற்றி இறக்கிவிட்டு, ஞாயிறு முழுவதும் வயரிங்குக்கும் அடுக்குவதற்கும் விடலாம். பால் காய்ச்சுவதை அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் முடித்துக்கொள்ளலாம்.

பழைய இடத்தில் மீட்டர் அளவைப் படம் எடுத்து, சாவி கொடுத்து, அட்வான்ஸை எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தபால் நிலையத்தில் கடிதங்களைத் திருப்பிவிட எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால், இரண்டு மாதத்துக்காவது பழைய கதவில் ஒரு அறிவிப்பு இருக்கட்டும். அதில் கதவு எண்ணோடு, புது இடம் கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயிலிலிருந்து எந்தப் பக்கம் என்பதையும் எழுதினால், ஆட்டோக்காரர் யாரையும் கேட்காமல் கொண்டுவந்து இறக்குவார்.