பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி?



2000-ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுகளில் நம் நாட்டில் ஏராளமான வீடுகளுக்கு முதன்முதலாகக் கணிப்பொறி வந்தது. படச்சுருள் காமிராவின் இடத்தை டிஜிட்டல் காமிரா பிடித்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே அந்த ஆண்டுகளின் குடும்பப் படங்களும் கடிதங்களும் பல வீடுகளில் காகிதத்தில் இல்லை, கணிப்பொறிக்குள்தான் உண்டு. அந்தக் கணிப்பொறியோ இன்று பழுதாகிப் பரண்மேல் கிடக்கும், அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கும்.

கணிப்பொறி ஓடவில்லை என்றால் அதிலுள்ள கோப்புகளும் அழிந்துவிட்டன என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மின்வழங்கியோ தாய்ப்பலகையோ கெட்டுப்போனால் கணிப்பொறி நின்றுவிடும். ஆனால் கோப்புகள் இருப்பது ஹார்டு டிஸ்க் என்னும் தனி உறுப்பில். அதைக் கழற்றி, ஓர் அடாப்டர் கேபிள் வழியாக வேறொரு கணிப்பொறியில் இணைத்தால், பெரும்பாலான சமயங்களில் கோப்புகள் அப்படியே கிடைத்துவிடும். அதை எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று இப்பாடத்தில் காண்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. இவ்வளவு பெரிய கருவியில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்றைய செல்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அதில் அடங்காமல் போகலாம்!

அளவு சுருங்கியதே தவிர அடிப்படை மாறவில்லை. அலுமினியம் அல்லது கண்ணாடித் தட்டின்மேல் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். அதன் நுண்ணிய பகுதிகள் எந்தத் திசையில் காந்தமாக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு 0, 1 என்னும் குறிகள் எழுதப்படுகின்றன. மின்சாரம் போனாலும் காந்தத்தன்மை போகாது. கணிப்பொறி பல ஆண்டுகள் பரணில் கிடந்தாலும் கோப்புகள் தங்கியிருப்பதற்குக் காரணம் இதுவே.

எழுதவும் படிக்கவும் பயன்படும் முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும்போது அதனுடன் இழுபடும் காற்றே மெத்தைபோல் முனையைத் தாங்குகிறது. இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு! தலைமயிரின் தடிமன் இதைப்போல் பல ஆயிரம் மடங்கு.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். மேசைக் கணிப்பொறியின் டிஸ்க் தட்டு ஏறக்குறைய 9.5 செ.மீ. விட்டம் கொண்டது. அது நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. விளிம்பின் சுற்றளவு 29.8 செ.மீ. ஆகவே விளிம்பு விநாடிக்குச் சுமார் 36 மீட்டர், அதாவது மணிக்கு 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இந்த வேகத்தில் முனைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தூசு சிக்கினால் என்ன ஆகும்? காந்தப் படலம் கீறப்படும். அங்கே இருந்த செய்தி என்றென்றைக்கும் போய்விடும். டிஸ்க்கின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மூடியில் தெரியும் சிறு துளை காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியுடன் அமைத்தது. அதையும் அடைக்காதீர்கள்.

இரு வகை இணைப்பிகள்

உங்கள் கையில் உள்ளது எந்த வகை என்பதை முதலில் அறிய வேண்டும். பின்புறத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐ.டி.இ. வகை. 1980-களின் நடுவில் தோன்றிய இவ்வகையில் மேசைக் கணிப்பொறி டிஸ்க்குக்கு 40 ஊசி இணைப்பி. மின்சாரத்துக்கு நான்கு ஊசிகள் கொண்ட தனி இணைப்பி. மடிக்கணினி டிஸ்க்கில் ஊசிகள் இன்னும் நெருக்கமாக இருக்கும். அதில் 44 ஊசி இணைப்பி. மின்சாரமும் அதன் வழியே செல்லும். பக்கத்தில் சற்று இடைவெளி விட்டு மேலும் நான்கு ஊசிகள் தனியே நிற்கும். அவை ஜம்பருக்கானவை, கேபிளை அவற்றின்மீது தவறிச் செருகிவிடக் கூடாது.

ஊசிகள் இல்லாமல், எல் வடிவத்தில் தட்டையான இரண்டு நாக்குகள் தெரிந்தால் அது சாட்டா வகை. 2003 முதல் கடைகளுக்கு வந்த இதில் தரவுக்கு 7 தொடுமுனைகள், மின்சாரத்துக்கு 15 தொடுமுனைகள்.

இங்கே ஒரு விந்தை உண்டு. ஐ.டி.இ. கேபிளில் 16 கம்பிகள் ஒரே நேரத்தில் தரவைச் சுமந்தன. சாட்டாவில் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்கின்றன. ஆயினும் சாட்டாவே வேகமானது! ஏன்? பதினாறு பேர் கைகோத்து ஓடினால் கடைசி ஆள் வந்து சேரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் அல்லவா? வேகம் கூடக்கூடப் பதினாறு குறிகளும் ஒரே கணத்தில் வந்து சேர்வது கடினமாயிற்று. பக்கத்துக் கம்பிகள் ஒன்றையொன்று பாதித்தன. அதைத் தடுக்கக் கேபிளில் 40 நிலக் கம்பிகளை இடையிடையே கூடுதலாகச் சேர்த்தும் விநாடிக்கு 133 மெகாபைட்டோடு அந்த வகை நின்றுவிட்டது. சாட்டாவோ விநாடிக்கு 150 மெகாபைட்டில் தொடங்கி மேலே போயிற்று.

கேபிளா, மொழிபெயர்ப்பாளரா?

டிஸ்க்கின் மொழி வேறு, கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளை பேசும் மொழி வேறு. வெறும் கம்பியால் இவ்விரண்டையும் இணைக்க முடியாது. அடாப்டர் கேபிளின் தலைப்பகுதி சற்றுப் பருத்திருப்பதைக் காண்பீர்கள். அதனுள் ஒரு சில்லு உள்ளது. 'இந்த இடத்தில் உள்ளதைப் படித்துக் கொடு' என்று கணிப்பொறி யு.எஸ்.பி. முறையில் கேட்பதை, டிஸ்க்குக்குப் புரியும் கட்டளையாக அது மாற்றுகிறது. வரும் விடையையும் அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. ஐ.டி.இ. பெரியது, ஐ.டி.இ. சிறியது, சாட்டா ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் அடாப்டர்கள் கிடைக்கின்றன.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. யு.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட் தரும். மடிக்கணினியின் சிறிய டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடுவது. இதைக் கொண்டே பெரும்பாலும் சமாளித்துவிடும். மேசைக் கணிப்பொறியின் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஓய்விலிருந்து சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட் கம்பியில் மட்டும் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். அது 24 வாட். துளை தருவதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆகவே தனி மின்வழங்கியோடு வரும் அடாப்டரையே இதற்கு வாங்க வேண்டும்.

செய்முறை

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. பழைய கணிப்பொறியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்வழங்கிப் பெட்டியையும் பழைய படக்குழாய்த் திரையையும் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் அவற்றில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

2. உலோகச் சட்டத்தைத் தொட்டு உங்கள் உடலின் நிலைமின்னூட்டத்தை நீக்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் திருகுகளைக் கழற்றி, பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். அடியில் உள்ள மின்சுற்றுப் பலகையில் விரல் பட வேண்டாம்.

3. ஐ.டி.இ. வகையானால் மேல்சீட்டில் உள்ள படத்தைப் பார்த்து ஜம்பரை 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள்.

4. மரமேசையின்மேல் தட்டையாக வைத்து, தரவு இணைப்பியையும் பிறகு மின் இணைப்பியையும் செருகுங்கள். ஊசி வளையாமல் நேராக அழுத்த வேண்டும். மின்சாரம் கொடுத்துப் பத்து விநாடி காத்திருந்து, பின் யு.எஸ்.பி. முனையைக் கணிப்பொறியில் செருகுங்கள்.

5. காது கொடுத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் நல்ல அறிகுறி. 'டக், டக்' என்று விட்டுவிட்டு ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். ஓடும் ஒவ்வொரு விநாடியும் சேதம் பெருகக்கூடும்.

6. 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கணிப்பொறி கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். டிஸ்க்கின் அட்டவணை அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். வேறு இயக்க மென்பொருள் கொண்ட கணிப்பொறியில் எழுதிய டிஸ்க்காகவும் இருக்கலாம்.

7. திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் நகலெடுங்கள்: படங்கள், குரல் பதிவுகள், கடிதங்கள். திரைப்படப் பாட்டுகள் எங்கும் கிடைக்கும். தாத்தாவின் குரல் கிடைக்காது. விநாடிக்கு 25 மெகாபைட் வீதம் சென்றால் 40 ஜிகாபைட்டை நகலெடுக்க 1,600 விநாடி, ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அசைக்கவோ தூக்கவோ கூடாது.

8. முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். பிறகு முறைப்படி இணைப்பை நீக்கி, மின்சாரத்தை நிறுத்தி, சுழற்சி நின்ற பின்னரே டிஸ்க்கைக் கையில் எடுங்கள்.

அழித்த கோப்பு எங்கே போகிறது?

கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஒரு வயலின் சர்வே எண்ணை அடித்துவிட்டால் வயல் மறைந்துவிடுமா? பயிர் அங்கேயேதான் நிற்கும். வேறொருவர் வந்து உழும்வரை நிற்கும். ஹார்டு டிஸ்க்கிலும் அப்படித்தான். கோப்பை அழிக்கும்போது பொதுவாக அட்டவணையில் உள்ள பதிவுதான் நீங்குகிறது. அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதாதவரை பழைய செய்தி காந்தப் படலத்தில் இருக்கும்.

மீட்பு மென்பொருள்கள் இந்த உண்மையைப் பயன்படுத்துகின்றன. ஜேபெக் படக்கோப்பு ஒவ்வொன்றும் 255, 216 என்னும் இரு எண்களோடு தொடங்கி, 255, 217 என்பவற்றோடு முடியும். 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச மென்பொருள் அட்டவணையை நம்பாமல் டிஸ்க் முழுவதும் இத்தகைய தொடக்கக் குறிகளைத் தேடிச் செல்கிறது. மீட்டதைப் பழைய டிஸ்க்கிலேயே சேமித்தால் இன்னும் மீட்காத கோப்பின்மேல் எழுதிவிடுவீர்கள். ஆகவே மீட்டவை எப்போதும் வேறு டிஸ்க்குக்கே போக வேண்டும்.

காந்தப் பதிவு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சான்று. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர். செனான் வாயுவின் பாகுத்தன்மையை ஆராய்ந்த சோதனையின் ஹார்டு டிஸ்க், கருகிய நிலையில் சிதைவுகளிடையே கிடைத்தது. வல்லுநர்கள் அதன் தட்டுகளைத் தூய்மைசெய்து வேறொரு டிஸ்க்கில் பொருத்தி, ஏறக்குறைய 99 சதவீதத் தரவைப் படித்தெடுத்தனர். அந்த ஆய்வு முடிவு 2008-இல் வெளியாயிற்று. உயிர்கள் மீளவில்லை, அவர்கள் செய்த வேலை மீண்டது.

திறந்தும் படிக்க முடியாத தமிழ்

ஆங்கிலக் கோப்பு சரியாகத் திறக்கும். தமிழ்க் கோப்போ பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். பயப்படாதீர்கள். கோப்பு கெடவில்லை. யூனிகோடு பரவலாகும் முன்பு தமிழுக்குப் பல குறியேற்றங்கள் இருந்தன. தமிழக அரசும் 1999-இல் டாம், டாப் என்னும் இரண்டை அறிவித்தது. பாமினி எழுத்துருவில் 'அ' எழுதினால், கோப்பில் பதிவாவது ஆங்கிலச் சிறிய 'எம்' எழுத்தின் எண்ணாகிய 109. யூனிகோடில் 'அ'வின் எண் 2949. 109-ஐ 'அ' என்று வரைந்து காட்டும் எழுத்துரு இல்லாத கணிப்பொறி 'எம்' என்றே காட்டும். ஆகவே பழைய டிஸ்க்கிலுள்ள எழுத்துருக் கோப்புகளையும் மறவாமல் நகலெடுங்கள். அவற்றை நிறுவினால் கட்டுரை மீண்டும் தமிழாகும். குறியேற்ற மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

சில கடமைகள்

பிறருடைய டிஸ்க்கானால் அவர் கேட்ட கோப்புகளை மட்டும் நகலெடுத்துக் கொடுங்கள். மற்றவற்றைத் திறந்து பார்ப்பது பிறர் கடிதத்தைப் படிப்பதற்குச் சமம். மீட்டவற்றை இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள். பழைய டிஸ்க்கைக் கடைக்குப் போடும் முன் முழுவதும் மேலெழுதி அழியுங்கள். 'அழித்த' கோப்பும் மீளும் என்பதை இப்போது அறிவீர்கள் அல்லவா?

சுழலச்சின் எண்ணெய் இறுகும். மின்சுற்றில் துரு ஏறும். இன்று ஓடும் டிஸ்க் அடுத்த ஆண்டு ஓடும் என்று உறுதி இல்லை. வரும் விடுமுறையிலேயே பரணில் ஏறிப் பாருங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 80 ஜிகாபைட் கோப்புகளை விநாடிக்கு 20 மெகாபைட் வீதம் நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

2. ஒரு சிறிய டிஸ்க் 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் கேட்கிறது. யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று அதற்குப் போதுமா?

3. மீட்பு மென்பொருளைப் பழைய டிஸ்க்கிலேயே நிறுவுவது ஏன் தவறு?

விடைகள்: 1. 4,000 விநாடி, அதாவது 66 நிமிடம் 40 விநாடி. 2. போதாது, தேவை 4.5 வாட், கிடைப்பது 2.5 வாட். 3. நிறுவப்படும் கோப்புகள், அழிக்கப்பட்ட கோப்புகள் இருக்கும் இடத்தின்மேல் எழுதப்படக்கூடும்.